வலிக்காத இடம்

முதலில் அது கொசுக்கடி என்றுதான் தைரியநாதன் நினைத்தான். கச்சிராயபாளையம் ரோட்டில் இருந்த தன் கறிக்கடை மேடையில் வழக்கம்போலச் சப்பணமிட்டு உட்கார்ந்து, புளியங்கட்டை மேல் ஆட்டுத் தொடையை வைத்துக் கத்தியை இறக்கியபோது, அவனுடைய இடது தொடையில் சுருக்கென்றது. கையால் தட்டினான். கொசு எதுவும் இல்லை. மறுபடி வெட்டினான். மறுபடி சுருக்கென்றது, கத்தி எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு தள்ளி.

வலித்ததை விட, அந்தக் கால் வலித்ததுதான் அவனை உலுக்கியது. அதில் எதுவும் உறைத்து வருஷக்கணக்காகியிருந்தது. சர்க்கரை முதலில் விரல்களை மரக்க வைத்தது, பிறகு பாதத்தை, பிறகு முழங்காலைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. ஒருமுறை செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு நாள் முழுக்க நடந்திருக்கிறான். சாயங்காலம் வீட்டுத் தரையில் ரத்தத் திட்டுகளைப் பார்த்து அவன் மனைவி லூசிதான் அலறினாள். செத்த கால் என்று அவனே அதற்குப் பெயர் வைத்திருந்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் யாரிடமும் சொல்லவில்லை. கடையில் எப்போதும் இருக்கிற சத்தங்கள்தான் இருந்தன: கட்டையில் கத்தி விழும் சத்தம், ஈக்களின் ரீங்காரம், மலைக்கு ஏறும் பஸ்கள் கியர் மாற்றும் உறுமல். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் உடம்பில் எங்கோ ஓர் இடம் பதில் சொன்னது. நெஞ்செலும்பைப் பிளந்தால் நெஞ்சில். கழுத்தைத் துண்டு போட்டால் பிடரியில். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினான். வெட்டிய கறி அளவு தவறிப் பெரிசும் சிறிசுமாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விற்காமல் மிஞ்சிய ஈரலை லூசி வீட்டுக்குக் கொண்டு போனாள். தைரியநாதன் வாசலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். அடுக்களை அவன் கண்ணில் படவில்லை. அரிவாள்மணையை அவள் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி அவன் வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிய்த்தது போல இருந்தது. பீடி மடியில் விழுந்தது. வாயிலிருந்து வந்தது அவன் குரல் மாதிரியே இல்லை. ஆடு கத்துவது மாதிரி இருந்தது.

லூசி ஓடி வந்தாள். கையில் ரத்தம்.

"இன்னாங்க? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. புடிச்சுக்கிச்சு."

"ஒரு வாரமா பாத்துக்கினுதான் இருக்கேன். வெட்றப்ப எல்லாம் மூஞ்சி கோணுது உங்களுக்கு. டாக்டராண்ட போய்ச் சொல்லுங்க."

"அவரு இன்னா சொல்லுவாருன்னு தெரியாதா? போன தபா கால் எரியுதுன்னு சொன்னதுக்குக் கறிய கம்மியா துன்னுன்னாரு. நான் கறிய வாயில வெச்சே வருஷமாவுது, அதக்கூடக் கேக்கல."

"அதுக்காவ சொல்லாம இருப்பீங்களா? சொல்லுங்க. இருக்கறத இருக்கற மாரியே சொல்லுங்க."

இருக்கிறதை இருக்கிற மாதிரியே. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. நீ ஈரலை அரிந்தாய், எனக்கு வலித்தது என்று லூசியிடமே சொல்ல வாய் வரவில்லை. டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார். சிரித்து முடித்ததும் பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுப்பார், பைத்தியத்துக்குப் பார்க்கிற இடத்துக்கு. ஊருக்குத் தெரிந்தால் அப்புறம் கத்தி பிடித்த பைத்தியத்திடம் யார் கறி வாங்க வருவார்கள்? ஆனால் சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரும். ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு ஆட்டை அறுக்க வேண்டும்.

மறுநாள் போனான். டெட்டால் வாடை அடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். உள்ளே போனதும் டாக்டர் நிமிராமலே கேட்டார்.

"இன்னாய்யா, சுகர் ஏறிடுச்சா?"

"அது இல்லீங்க சார். புதுசா ஒரு வலி. தொடையில வருது, விலாவுல வருது. வேல செய்யறப்போ..."

"கத்திய ஓங்கி ஓங்கிப் போட்டா வலிக்காம இன்னா பண்ணும்? கால நீட்டு. கண்ண மூடு."

கண்ணை மூடினான்.

"குத்தறேன். வலிக்குதா?"

"இல்லீங்க."

"இங்க?"

"இல்லீங்க சார்."

"இங்க?"

கண்ணைத் திறந்தபோது பாதத்திலிருந்து தொடை வரைக்கும் வரிசையாக ரத்தப் பொட்டுகள் நின்றன. டாக்டர் ஊசியைத் தட்டில் போட்டார்.

"பாத்துக்கினியா? குத்தனா வலிக்கல. சும்மா இருக்கறப்போ வலிக்குதுன்னு வந்து நிக்கற. ஒண்ணும் கிடையாது. ஜாஸ்தி யோசிக்காத, போய் வேலயப் பாரு."

"சார், அது என்னை வெட்டறப்போ இல்லீங்க. ஆட்ட..."

டாக்டர் மணியை அடித்துவிட்டார். அடுத்த ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். தைரியநாதன் மீதியை விழுங்கிக்கொண்டு எழுந்தான்.

"எல்லாத்தயும் சொன்னீங்களா?" என்று லூசி கேட்டாள்.

"சொன்னேன். ஒண்ணும் இல்லயாம்."

அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்த்து அவனுக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. படித்தவர் ஒன்றுமில்லை என்று சொன்னால் ஒன்றுமில்லைதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கல்வராயன் மலைப்பக்கமிருந்து பனி இறங்கிக் கடையின் பின்கட்டு வரைக்கும் வந்திருந்தது. வெள்ளிமலையில் வாங்கிய கருப்புக் கிடாய் வேப்ப மரத்தடியில் நின்று, ஈரத் தழையை மென்றுகொண்டிருந்தது. மென்ற பச்சை வாசனை, புழுக்கை வாசனை, சாணை பிடித்த இரும்பின் வாசனை. தைரியநாதன் சிலுவை போட்டுக்கொண்டு கிடாயைச் சாய்த்து, விலாவில் முழங்காலை ஊன்றி, தாடையைப் பின்னால் வளைத்துக் கத்தியை இழுத்தான்.

காதிலிருந்து காது வரைக்கும் அவன் தொண்டை திறந்தது.

மூச்சு கழுத்து வழியாகப் போனது போல இருந்தது. பிடி விட்டது. பாதி அறுந்த கிடாய் எழுந்து ஓடியது. துள்ளும்போதெல்லாம் வெட்டு வாய் பிளந்து மூடியது, சுவரெல்லாம் ரத்தம் பீய்ச்சியது, அது துள்ளும்போதெல்லாம் தரையில் கிடந்த அவனும் துள்ளினான். இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டான். கையை எடுத்துப் பார்த்தான். சொந்த ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

"புடிங்க அத!" லூசி கொம்பைப் பிடித்துத் தொங்கினாள். "சீக்கிரம் முடிங்க, பாவம் அது!"

தவழ்ந்து போய் முடித்தான்.

பிறகு தோல். குளம்புக்கு மேலே கீறி, விரலை நுழைத்து, சட்டையைக் கழற்றுவது போல உரிக்க வேண்டும். இந்த வேலையைச் சிறு வயசிலிருந்து செய்கிறான். கணுக்காலிலிருந்து இடுப்பு வரை அவன் தோல் உரிந்தது. இடுப்பிலிருந்து தோள் வரை உரிந்தது. உரித்து முடித்தபோது அவன் வேட்டி நனைந்திருந்தது. காற்று பட்டாலே உடம்பு முழுக்க எரிந்தது. லூசி குடலை உருவியபோது அவன் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் கழன்று போனது போல இருந்தது. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. ரோட்டில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

கிடாயைக் கொக்கியில் மாட்டினார்கள். லூசி முன்னால் தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் அவள் முதுகுக்குப் பின்னால் மேடையில் உட்கார்ந்தான்.

"தைரியண்ணா, எனுக்கு ரெண்டு கிலோ. தொடயா போடு. எலும்பு வேணாம்." ரைஸ் மில் மேஸ்திரி கொளஞ்சியப்பனின் குரல். வீட்டில் விருந்தாளிகள் என்று லூசியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

தொங்கிய கிடாயின் தொடையில் கத்தியை வைத்தான். நுனி மட்டும் பட்டது. கண் இருட்டியது. கடித்த கடியில் பல் ஒன்று உடைந்து நாக்கில் விழுந்தது. கத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டு கட்டையைப் பிடித்தபடி குனிந்தான்.

"இன்னாங்க, கூட்டம் நிக்குது."

"த்தோ."

முடியாது. முடியவே முடியாது.

ஆனால் கத்தி விழுந்தது. கட்டையில் சத்தம் கேட்டது. வலிக்கவில்லை.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை வெட்டினான். ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னது சரிதான். ஒன்றும் கிடையாது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சிரித்தான். வாரம் முழுக்கத் தடுமாறிய கைக்குப் பழைய வேகம் வந்தது. அரிந்தான், திருப்பினான், துண்டு போட்டான். கொழுப்பை ஒதுக்கினான். லூசி திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். அதில் வைத்தான்.

"அடடா," என்றான் கொளஞ்சியப்பன். "இன்னிக்குக் கறி இன்னா செவப்பா கீது."

"மலையாடுங்க," என்றாள் லூசி.

அடுத்து ஒரு கிலோ. அடுத்து ஒன்றரை. எல்லோருக்கும் தொடைதான் வேண்டியிருந்தது. குளிர்ந்தது. வெயில் ஏறியும் குளிர்ந்தது. மேடை ஓரமாக ரத்தம் வழிந்து சாக்கடைக்குப் போனது. எப்போதும் போவதுதான். இன்றைக்கு நிற்காமல் போனது.

வேர்வையைத் துடைக்க நிமிர்ந்தான்.

கிடாய் கொக்கியில் தொங்கியது.

நாலு காலும் இருந்தன. இரண்டு தொடையும் இருந்தன. ஒன்றில் மட்டும் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. மற்றபடி முழுசாக.

தராசுத் தட்டில் கறி குவிந்திருந்தது. அதுவரை பேசிக்கொண்டு நின்ற கொளஞ்சியப்பன் பையை ஆட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

தைரியநாதன் குனிந்து பார்த்தான். வேட்டி விலகியிருந்தது. சப்பணமிட்ட இடது காலில், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே, எலும்பு. வெள்ளையாக. சுத்தமாக, ஒரு நார் ஒட்டாமல் வழித்திருந்தது. நல்ல வேலை. அதன் மேல் ஈ ஒன்று உட்கார்ந்து கையைத் தேய்த்தது.

வலிக்கவில்லை.

லூசியின் வெறுங்கை அவனுக்கு முன்னால் விரிந்து நின்றது.

"இன்னும் அர கிலோ வோணுமாம். சீக்கிரம்."

அவன் வலது காலை நீட்டினான்.