காயா பழமா

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போன் செய்வாள். "அம்மா" என்ற முதல் சத்தத்துக்கே, வேலையிலிருக்கும் தாய்க்கு வயிற்றுக்குள் ஏதோ இளகும். இன்று இளகவில்லை. கீழே விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டதைக் குழந்தை தேம்பித் தேம்பிச் சொன்னபோது, யார் வீட்டுக் குழந்தையோ அழுகிறது என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, மருந்து போட்டுக்கோ," என்று வைத்துவிட்டாள். குளிர்பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்டது.

ஆய்வுக்கூடத்தின் நடுவே, ஆளுயர உருளையாகத் தொங்கும் குளிர்பெட்டி. அதன் பம்ப் ஓயாமல் டொக் டொக்கென்று இடிக்கும் சத்தமும், எண்ணெயும் சூடான ரப்பரும் கலந்த வாடையும் சட்டையில் ஊறி வீடுவரை கூடவே வரும். இந்தப் பக்கம் அவள் மேசை. அந்தப் பக்கம், வயர் வேலை பார்க்கும் பெண்ணின் மேசை. கேபிள்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். உட்கார்ந்துவிட்டால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

உருளைக்குள், கடுங்குளிரில், நகத்தளவு சிப். அதில் மீக்கடத்தியாலான இரண்டு க்யூபிட்கள், குவாண்டம் கணினியின் அடிப்படைத் துணுக்குகள். ஒன்றையொன்று தொடாது. நடுவே நெளிந்து போகும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத ஒளி. இரண்டையும் ஒரே அதிர்வெண்ணுக்குக் கொண்டுவந்தால், ஒன்றில் இருப்பது அந்த ஒளி வழியாக மற்றதுக்குப் போய்விடும், கொடுத்தது காலி. அப்படியே விட்டால் திரும்பி வரும். வராமல் தடுக்க, போய்ச் சேர்ந்த கணத்தில் அதிர்வெண்ணைப் பிரித்துவிட வேண்டும். சேர்ப்பதற்குப் பழம், பிரிப்பதற்குக் காய். சின்னப்பிள்ளைச் சண்டை மாதிரி, யாரோ கேலிக்கு ஆரம்பித்தது அப்படியே நின்றுவிட்டது. காலையில் சிப்புக்குப் பழம் போட்டுவிட்டுத்தான் இருவரும் உட்கார்ந்தார்கள்; இன்னும் காய் போடவில்லை.

"ஏன் அழறே?" என்று அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"தெரியலக்கா. குழந்தைக்கு முட்டி எரியுமேன்னு இருக்கு."

முட்டி என்று தாய் போனில் சொல்லவே இல்லை. கேபிள்காரிக்குக் குழந்தையும் கிடையாது. பயப்பட வேண்டிய இடம் இது என்று தாய்க்குப் புரிந்தது. பயம் வரவில்லை.

"பயமா இருக்குக்கா," என்றது அந்தப் பக்கம். பற்கள் கிடுகிடுப்பது கேட்டது.

மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். மூக்கு இருந்தது. கண் இருந்தது. சேர்ந்து ஒரு முகமாகவில்லை.

"உச்சந்தலையில ரெண்டு சுழி அவளுக்கு. தலை துவட்டும்போது அதுலதான் முத்தம் குடுப்பேன்."

குடுப்பேன் என்றாள் கேபிள்காரி.

ஒன்று மட்டும் தாய்க்குத் தெரியும்: விட்டுவைத்தால் திரும்பி வரும்.

"இங்க பாரு. எதையும் தொடாதே. சும்மா இரு. எல்லாம் தானா திரும்பிடும்."

பம்ப் இடித்தது.

"அப்புறம் எனக்கு?"

"நீ பழையபடி ஆயிடுவே."

"பழையபடி எனக்கு ஒண்ணுமே இல்லக்கா."

அந்தப் பக்கம் விசைப்பலகையில் ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு.

"உங்ககூட காய்."

நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்து சாத்திக்கொண்டது. ஓடு என்று தாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கால்கள் நடந்தன.

வீட்டு வாசலில் நின்று மணி அடித்தாள். பையில் சாவி கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

திறந்தது குழந்தை. முழங்காலில் புதுக் கட்டு. அண்ணாந்து பார்த்தது.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க!"

"யாருடா கண்ணு?" உள்ளேயிருந்து. கொஞ்சும் குரல்.

கத்த வேண்டும். அது தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"வீடு மாறி வந்துட்டேன்மா," என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. ஜன்னலில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேபிள்காரி வந்து நின்றாள். குழந்தை டாட்டா காட்டியது.

அவளும் காட்டினாள்.