நூலுக்கு உள்ளே

பசியில் புன்சோங் முதலில் அதைக் கவனிக்கவில்லை. மூன்று வாய் சோறு உள்ளே போன பிறகுதான் தட்டைப் பார்த்தான். வறுத்த அயிலை மீனில் ஒரு முள் கூட இல்லை. சதை தனியாக, தலை தனியாக, முள்ளெல்லாம் தட்டின் ஓரத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது. அவனுக்கு முள் எடுக்கத் தெரியாது. நாற்பது வயதிலும் அவனுக்காக அதைச் செய்துகொண்டிருந்தவள் அவன் மனைவி லமுன். அவளை எரித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

எதிரே அவளுக்கென்று வைத்த தட்டில் சோறு குறையவில்லை. ஒரு பிடி எடுத்து வாயில் போட்டான். உப்புமில்லை, ருசியுமில்லை, வெறும் சக்கை. ஆவி உண்டால் சோறு குறையாது, சாரம் மட்டும் போய்விடும் என்பார்கள்.

தப்பு அவன்மேல்தான். உடல் விகாரையில் இருந்த நாட்களில் சாப்பாட்டு வேளைக்குச் சவப்பெட்டியைத் தட்டி, "லமுன், சாப்பிட வா" என்று எல்லாரையும் போலத்தான் கூப்பிட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசி நாள் அழுகை முட்டிக்கொண்டு வர, "வீட்டுக்கு வந்துடும்மா, தனியாச் சாப்பிட முடியல" என்று சேர்த்துச் சொல்லிவிட்டான். பாவி மனுஷன், மனதாரச் சொன்னான்.

மறுநாள் மாலை, சேதி கேட்டு, தம்பி தவீ கால்வாயில் படகு ஓட்டிக்கொண்டு வந்தான். கழுத்தில் ஐந்து தாயத்து. படியேற மாட்டேன் என்று படகிலேயே நின்றான்.

"ஏன்டா, உன் அண்ணிதானே?"

"உசுரோட இருக்கும்போதே அண்ணின்னா எனக்குப் பயம். இப்பச் சொல்லணுமா?"

பிக்கு மந்திரித்துக் கொடுத்த வெள்ளை நூல் உருண்டையை நீட்டினான். ஒரு முனையைத் தூணில் கட்டி, புன்சோங் உள்ளேயிருந்து ஜன்னல் ஜன்னலாக நீட்ட, தண்ணீரில் கால் ஊன்றி நின்ற அந்த வீட்டைத் தவீ படகில் சுற்றிவந்து இழுத்து முடிந்தான்.

"இதை எந்த ஆவியும் தாண்டாதுண்ணே. காலையில பிக்குவோட வர்றேன். அதுவரைக்கும் நூலைத் தொட்டுடாதே, ஆமா."

படகுச் சத்தம் தேய்ந்து மறைந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. சேற்று வாசமும் எதிர்க்கரையில் யாரோ மிளகாய் வறுக்கும் நெடியும் ஜன்னல் வழியாக வந்தன, பலகைச் சுவரில் தண்ணீரின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு நாளுக்குப் பிறகு புன்சோங் நெஞ்சு நிறைய மூச்சு விட்டான்.

அடுக்களையில் உரல் சத்தம் கேட்டது.

டொக். டொக். பூண்டு வாசனை.

நூல் வெளியே இருக்கிறது. அறுந்ததா? இல்லை. விறைப்பாக, வெள்ளையாக, எல்லா ஜன்னலிலும் அப்படியே இருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் வெளியே போகவே இல்லை.

வாசலுக்கு ஓடினான். நூலை நோக்கிக் கையை நீட்டினான். மணிக்கட்டை ஒரு கை பற்றியது. சில்லென்று, ஈரமாக. முரட்டுப் பிடி இல்லை. குழந்தையைப் பிடிப்பது போலத்தான் பிடித்தாள். ஆனாலும் கை அசையவில்லை.

"ஏங்க," முதுகுக்குப் பின்னால் லமுன் சொன்னாள். "இன்னிக்குச் சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன்."

அவன் திரும்பாமல் நூலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க என்னடான்னா வீட்டைச் சுத்திக் கட்டிட்டீங்க." குரலில் வெட்கம். சிரிப்பு. "என்மேல இவ்வளவு ஆசையா?"

இல்லை என்று சொல்லவேண்டும். சொன்னால் பிழைக்கலாம். வாய் திறந்தது. ஆசை இருந்ததே. அந்தப் பாழாய்ப்போன ஆசை இன்னும் இருந்ததே. சொல் வரவில்லை.

"சரி, நான் எங்கயும் போகல. அழாதீங்க."

அவள் கையை விட்டாள். ஓட முடியவில்லை. கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. திரும்பின. நடந்தன.

உள்ளறையில் பாய் விரித்திருந்தது. கொசுவலை கட்டியிருந்தது. உயிருள்ளவர் யாரும் தலை வைக்காத மேற்குப் பக்கமாக, ஒட்டி ஒட்டி, இரண்டு தலையணைகள். ஒன்றில் அவள் ஏற்கனவே படுத்திருந்தாள். மற்றதன் உறையை உள்ளங்கையால் தடவித் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தாள்.