கயிறு பிடித்தவன்

பங்குனி வெயிலில் ஊர்க் கிணறெல்லாம் வற்றிக் கிடக்க, மாதா கோயிலின் பழைய மரணப் பதிவேட்டில் ஒரு பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது. ஹென்றி விரலை முகர்ந்தான். கடல் வாடை. எண்பத்தைந்து வருஷத்து ஏட்டை இந்த லட்சணத்திலா வைத்திருப்பார்கள் என்று உபதேசியார் கஸ்பாரை ஏற இறங்கப் பார்த்தான்.

துறைமுக ஆபீசில் குமாஸ்தா ஆன நாளிலிருந்து அவனுக்கு ஊரே இளக்காரம்தான். ஹென்றியின் பாட்டனுக்கு அப்பனான ராயப்பன் ஒரு சம்மாட்டி, அதாவது சொந்தத் தோணிக்காரர் என்பதற்கு, மணப்பாட்டில் பார்த்திருந்த பெண்ணின் தகப்பனார் சாமியார் முத்திரையோடு கோயில் ஏட்டின் நகல் கேட்டிருந்தார். இல்லையென்றால் சம்பந்தம் இல்லை. அதற்கென்ன என்று மிதப்பாக வந்தவன், ஈரத்தில் ஊறிய அந்தப் பக்கத்தில் ராயப்பன் பெயர் வந்த ஒரே வரியைப் படித்ததும் பல்லைக் கடித்தான்.

'1861. சந்தியாகு. முத்துக்குளிப்பில் மரணம். கயிறு பிடித்தவன்: மச்சான் ராயப்பன்.'

"வெறும் கயிறு பிடிக்கிறவனா?"

"சந்தியாகு முழுகுனாரு, ஒங்க பாட்டையா மேல கயித்தப் பிடிச்சாரு," என்றார் கஸ்பார். "அதுக்கு மச்சான்காரனத்தான் வைப்பாவ. கூடப்பொறந்தவ தாலியறுக்கப் பாத்துட்டிருக்க மாட்டாம்லா? கீழருந்து ஒரு சுண்டு சுண்டுனா இழுத்துரணும். அன்னைக்கு அவரு இழுக்கல. ஏன்னு யாருக்கும் தெரியாது. பொணமும் கெடைக்கல தம்பி."

"ஒம்மகிட்ட கத கேட்டனா வேய்? போயி முத்திரைய எடுத்துட்டு வாரும்."

கிழவர் போனதும் ஹென்றி பேனாக்கத்தியால் 'கயிறு பிடித்தவன்: மச்சான்' என்பதைச் சுரண்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் 'தோணிச் சம்மாட்டி' என்று அழகாக எழுதினான். செத்தவன் வந்து வழக்குப் போடப் போகிறானா என்று சிரிப்பு வந்தது. சந்தியாகுவுக்குக் கயிறு பிடிக்க அந்த ஏட்டில் இப்போது ஆள் இல்லை.

வெளியே காக்கைகளின் கத்தலும் கடற்கரைத் தெருவில் போன மாட்டுவண்டியின் சத்தமும் மெல்ல மெல்ல மங்கி, அழுகிய சிப்பியின் வாடை அறையெங்கும் ஏறி, தரைக்கல்லுக்கு அடியில் தண்ணீர் மோதுவது கேட்கத் தொடங்கியது. ஆழத்தில் முழுகியதுபோல் காது அடைத்தது. வலது கை கனத்தது.

குனிந்து பார்த்தான். கையில் ஈரக் கயிறு. அதன் மறுமுனை தரைக்குள் போயிருந்தது. கல்லில் ஒரு கீறல்கூட இல்லை.

விடப் பார்த்தான். விரல் பிரியவில்லை.

கீழிருந்து ஒரு சுண்டு.

"கஸ்பார் அண்ணாச்சி!"

சத்தம் வெளியே வரவில்லை. மூச்சே இல்லை. நெஞ்சு எரிந்தது. பயத்தில் கால் நனைந்தது. இழுத்தான். ஒரு முழம். கொஞ்சம் காற்று உள்ளே போனது. நிறுத்தினான். காற்று நின்றது. இன்னொரு முழம். இன்னொன்று.

கல் தண்ணீராக விலகியது. முதலில் தலைமயிர். பிறகு நெற்றி. பிறகு முகம் முழுதும். கன்னம் இரண்டும் உப்பி, உதடு இறுகி, இமைக்காத கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டு, சந்தியாகு இன்னமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.