கழித்துவிட்ட கோழி

பொழுது சாயும் நேரத்தில் கோழிகளை அடைக்கப் பஞ்சாரத்தைத் தூக்கிய காசிமாயன், தூக்கியது தூக்கியபடியே நின்றுவிட்டான். பகலெல்லாம் கொல்லையில் கவிழ்ந்து கிடந்த மூங்கில் கூடை அது. காற்று புரட்டிவிடாமல் இருக்க மேலே வைத்த கல் வைத்த இடத்திலேயே இருந்தது. அவன்தான் சற்று முன்பு அதை இறக்கிக் கீழே வைத்திருந்தான். கூடைக்கு அடியில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

செவலைப் பெட்டை. இடது காலில் ஒரு விரல் பாதிக்கு மேல் இல்லாதது. அவன் வீட்டில் பொரித்து, அவன் தவிடு போட்டு வளர்த்த கோழிதான். ஆனால் முந்தாநாள் அதைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போய், மாடக்குளம் கண்மாயைத் தாண்டி, திருப்பரங்குன்றத்து மலைக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தவனும் அவன்தான்.

மற்றக் கோழிகள் கத்தரிப் பாத்தி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. கம்பை ஓங்கி விரட்டினான். அவரைப் பந்தலை ஒரு சுற்றுச் சுற்றி ஓடி, மறுபடியும் அங்கேயே வந்து நின்றன. கோழி எருவின் காரநெடி, குளித்த தண்ணீர் பாயும் வாழையடியில் ஊறிக் கிடந்த சருகின் வாசனை, அடுத்த வீட்டு அடுப்புப் புகை எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. செவலை மட்டும் அவனையே பார்த்தது. தலையைச் சாய்த்து ஒரு பக்கக் கண்ணால் ஆளைப் பார்ப்பது கோழியின் வழக்கம். இது முகத்தை நேரே வைத்துப் பார்த்தது.

"இந்தா புள்ள, இங்க வா" என்று பெண்சாதியைக் கூப்பிட்டான்.

ஒச்சாயி வந்து பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வீட்டுக் கோழி வேணாம்னு."

அவள் சொன்னது நிஜம். கோடாங்கியும் அதைத்தான் சொல்லியிருந்தான்.

மகள் மாயக்காளுக்கு வந்த காய்ச்சல் அப்படிப்பட்டது. ஒரே பிள்ளை. தை பிறந்தால் ஒச்சாயியின் அண்ணன் மகனுக்குக் கட்டிக் கொடுப்பதாகப் பேச்சு. ஆடியில் பாயில் விழுந்தவள் எழவேயில்லை. ஆஸ்பத்திரி மருந்துக்கும் கேட்கவில்லை, வேப்பிலைக்கும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே ம்ம், ம்ம் என்று முனகிக் கிடந்தாள். வீட்டில் எங்கே போனாலும் அந்தச் சத்தம் காதில் விழும். கொல்லையில் பாத்தி கொத்தும்போதும் விழும். கடைசியில் ஒச்சாயி போய்க் குறி சொல்கிற கோடாங்கி மலையாண்டியைக் கூட்டி வந்தாள்.

"ஒரு பொட்டக்கோழியப் புள்ள தலைய மூணு சுத்துச் சுத்தி, எல்லை தாண்டி விட்ருங்க. புள்ளையப் பிடிச்சது கோழியோட போயிரும்" என்றான் மலையாண்டி. "ஆனா வெளிக்கோழியா வாங்கணும். வளத்த கோழி ஆகாது. அதுக்கு வீடு தெரியும், வந்துரும்."

காசிமாயன் கோழி சுற்றிவிடும் கழிப்பை நம்பினான். கோழி வாங்கச் சொன்னதைத்தான் நம்பவில்லை. மலையாண்டியின் மச்சினன் சந்தையில் கோழி விற்கிறவன் என்று ஊருக்கே தெரியும். மேலும் சந்தைக் கோழி என்றால் வெள்ளைக் கழிச்சல் நோயோடு வரும். ஒன்று வந்து கொல்லையையே காலி பண்ணிவிடும். உலகச் சண்டைக் காலம். ரேஷன் அரிசி புழுத்து நாறியது. கத்தரிக்காயும் அவரையும் பீர்க்கும் முட்டையும்தான் வீட்டில் உலை ஏற்றின. இவனுக்கு லாபம் வரவேண்டும் என்பதற்காக என் கொல்லையை அழிப்பேனா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, கைக்கு அகப்பட்ட செவலையைப் பிடித்தான்.

தலையைச் சுற்றி மூன்றாவது சுற்று வரும்போது செவலை ஒரே ஒரு தரம் உடம்பை உதறியது. மகளின் முனகல் அந்தக் கணமே நின்றது. விட்டுவிட்டு வீடு வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து நொய்க்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஒச்சாயி சாமி மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே அழுதாள்.

இப்போது அது திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சங்கிலி எட்டிப் பார்த்தான். அடுத்த வீட்டுக்காரன். வாய் சும்மா இருக்காது.

"என்ன மாமா, கழிச்சுவிட்டது திரும்ப வந்து நிக்குது. அத்த சமையலு அம்புட்டு ருசியா?"

"நீதான்டா பிடிச்சாந்து உள்ள விட்டிருக்க."

"எனக்கு வேற சோலி இல்ல பாருங்க, உம்ம கோழிக்குப் பின்னாடி திருப்பரங்குன்றம் வரைக்கும் போறதுக்கு." சிரித்துக்கொண்டே வந்தவன் செவலையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "என்ன மாமா இது. கிளறவே மாட்டேங்குது?"

அப்போதுதான் காசிமாயனும் கவனித்தான். மற்றக் கோழிகள் எருக்குழியைச் சீய்த்துக்கொண்டிருந்தன. செவலை கொல்லைக் கதவுக்கு எதிரே நின்றது. காலடியில் மண்புழு ஊர்ந்து போயிற்று, கொத்தவில்லை. தவிடு பிசைந்து வைத்தான், தொடவில்லை. வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் மாயக்காள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நொய்யை அள்ளிப் பச்சையாகவே வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேக வச்சுத் தாரேன்னாலும் கேக்க மாட்டேங்குறா" என்றாள் ஒச்சாயி. அவள் குரலில் சந்தோசம்தான் இருந்தது. "காய்ச்ச விட்ட வயிறு. தின்னட்டும்."

முகம் தெளிந்திருந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. முன்பெல்லாம் வாய் ஓயாத பெண். அய்யா அய்யா என்று ஆயிரம் கேள்வி கேட்பாள். எழுந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நாக்கு வறண்டிருக்கும் என்று காசிமாயன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். எருக்குழியில் மேய்ந்த கோழிகளெல்லாம் ஓடி வந்து அவள் காலைச் சுற்றி நின்றன. கோழி எச்சம் மிதிபடும் என்று கொல்லைக்கே வராதவள் அவற்றுக்கு நடுவில் அசையாமல் நின்றாள்.

செவலை மட்டும் பின்வாங்கியது. வேலி முள்ளில் முதுகு குத்தும் வரைக்கும் பின்வாங்கியது.

அது போதும் அவனுக்கு. பிள்ளையை விட்டுப் போனது கோழிக்குள் இருக்கிறது. வாசலில் நின்று மறுபடி ஏறத் தருணம் பார்க்கிறது. கிட்டத்தில் விட்டதுதான் தப்பு.

அன்றைக்கே சாக்கில் கட்டிக்கொண்டு அழகர்கோவில் பஸ் ஏறினான். பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பில் ஓடுகிற பஸ். ஏற்றத்தில் திணறி நின்று நின்று போயிற்று. யாத்திரைக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சாக்கு மடியில் கனத்தது. வைகைப் பாலத்தைத் தாண்டும்போது உள்ளிருந்து சத்தம் வந்தது. கொக்கரிப்பு இல்லை. அடித்தொண்டையில், இழுத்து, ம்ம், ம்ம் என்று.

பக்கத்தில் இருந்த கிழவர் சாக்கைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "என்னத்தப்பா கட்டி வச்சிருக்க?"

"கோழி."

அவர் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மலையடிக் காட்டுக்குள் ரொம்ப தூரம் போய் மூட்டையை அவிழ்த்தான். வெளியே வந்த செவலை ஓடவில்லை. அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றது. உதறினான். மறுபடி ஏறியது. உதைத்துத் தள்ளிவிட்டு நடந்தான். பின்னால் சருகு சரசரத்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தான். செவலை வந்துகொண்டிருந்தது. கோழி ஓட்டம் இல்லை. தடுக்கித் தடுக்கி, அந்தக் காலில் நடந்து பழகாததுபோல வந்தது. அவன் ஓடினான். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஓடினான்.

வீடு சேரும்போது விளக்கு வைத்திருந்தார்கள். மாயக்காள் சுவரோரம் குந்தியபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்து தோளுக்குள் இறங்கியிருந்தது.

"படுக்கலாம்ல?"

"விளக்கு வச்சா இப்பிடித்தான் தூங்கிருறா" என்றாள் ஒச்சாயி. இந்தத் தடவை அவள் குரலில் சந்தோசம் இல்லை. "இந்தாங்க. ஒண்ணு கேக்கவா. நம்ம புள்ள என்னைய ஆத்தான்னு கூப்பிட்டு எம்புட்டு நாளாச்சு?"

"கிறுக்குத்தனமாப் பேசாத. புள்ள பொழச்சு வந்துருக்கா."

மறுநாள் பகலெல்லாம் வேலியையே பார்த்துக்கொண்டு பாத்தி கொத்தினான். களைக்கொட்டு மண்ணில் இறங்கும் சத்தம், அவரைப் பந்தலில் வண்டின் ரீங்காரம், வாழை இலை காற்றில் கிழியும் சத்தம் ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்கினான். உச்சி வெயிலில் கொல்லை வெறிச்சிட்டுக் கிடந்தது. ஒன்றும் வரவில்லை. வெயில் தாழ்ந்தது. மலையின் நிழல் கண்மாய்ப் பக்கம் நீண்டது. இனி வராது. பத்து மைலுக்கும் மேலே. நடுவில் ஆறு, டவுன், நாய், வண்டி. கோழியால் முடியாது. மனசு கொஞ்சம் அமர்ந்தது. களைக்கொட்டைக் கழுவக் குளியல் தண்ணீர் வாய்க்காலுக்குப் போனான்.

வாழையடியில் செவலை கிடந்தது.

இறகெல்லாம் சேறு. கால் நகங்கள் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. விரலிடுக்கில் ஆற்று மணல். அலகைத் திறந்து திறந்து மூடியது. அவனைப் பார்த்து ம்ம் என்றது.

"இந்தாங்க" என்று ஒச்சாயி உள்ளிருந்து கத்தினாள். "இங்க வாங்க. புள்ள உடம்பு கொதிக்குது."

ஓடினான். மகள் சுவரோரம் குந்தியிருந்தாள். நெற்றியில் கையை வைத்தான். சூடு. முகத்தில் வாட்டமில்லை, வேர்வை இல்லை, சூடு மட்டும் உள்ளேயிருந்து அடித்தது. அவள் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவனைப் பார்த்தாள்.

வந்துவிட்டது. வாசலுக்கு வந்த உடனே ஏற ஆரம்பித்துவிட்டது.

"அருவாமனைய எடு" என்றான்.

"கோடாங்கிய ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"எவனையும் கேக்க வேணாம். கேட்டுக் கேட்டுத்தான் இங்க வந்து நிக்கிது. அறுத்துப் பொதச்சாத்தான் புள்ள தப்பும்."

ஒச்சாயி அசையவில்லை. அவனே போய் எடுத்து வந்தான்.

கொல்லையில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. மற்றக் கோழிகளின் சத்தமே இல்லை. கத்தரிப் பாத்திக்கும் கீரைப் பாத்திக்கும் நடுவில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்தான். செவலையைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டினான். அதுவே வந்தது.

இறக்கையைச் சேர்த்துப் பிடித்தான்.

கோழியின் உடம்பு எப்போதும் மனித உடம்பைவிடச் சூடு. பிடித்தவனுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. இளஞ்சூடு. பாயில் கிடந்த பிள்ளையைக் காய்ச்சல் விட்ட நேரங்களில் தூக்கி உட்கார வைப்பானே, அந்தச் சூடு. சிறகடிக்கவில்லை. கால் உதைக்கவில்லை. கழுத்தை நீட்டி அவன் மணிக்கட்டில் தலையை வைத்துக்கொண்டது.

அருவாமனைக் கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டான்.

பின்னால் காலடி. மாயக்காள் வாசலில் வந்து குந்தினாள். கோழிகள் அவளைச் சுற்றிக்கொண்டன.

"உள்ள போத்தா. நீ பாக்க வேணாம்."

போகவில்லை. கோழி அறுக்கிற நாளில் காதைப் பொத்திக்கொண்டு சங்கிலி வீட்டுக்கு ஓடுகிற பெண். உட்கார்ந்து பார்த்தாள்.

ம்ம் என்றது செவலை. அப்புறம் அலகு திறந்தது. இது ம்ம் இல்லை. வேறு என்னவோ. அய் என்று தொடங்கியது.

அதை முழுசாகக் கேட்க அவனுக்குத் தைரியமில்லை.

இழுத்தான்.

ஒரு துடிப்பும் இல்லை. ரத்தம் கீரையில் விழுந்தது. தலை கையோடு இருந்தது. கண் இன்னும் அவனைப் பார்த்தது. பிறகு மூடியது.

மேலேயிருந்து மூடியது. மேல் இமை மெதுவாகக் கீழே இறங்கி, தூங்கும் பிள்ளையின் கண் மாதிரி மூடிக்கொண்டது.

கோழிக்கு அப்படி மூடாது. கோழிக்குக் கீழ் இமைதான் மேலே ஏறும். வாழ்நாளெல்லாம் கோழி வளர்த்தவன். ஆயிரம் தடவை பார்த்தவன்.

உள்ளே ஒச்சாயி எதுவோ கேட்டாள். காதில் விழவில்லை.

திரும்பினான்.

வாசலில் அவள் குந்தியிருந்தாள். கழுத்து தோளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம். தூக்கம் வந்துவிட்டது. அவனைப் பார்த்தபடியே இருந்த அந்த இரண்டு கண்ணிலும், கீழ் இமை, வெளுத்த தோலாக, மெதுவாக மேலே ஏறியது.