போன் வரவில்லை என்றால்

சர்வர் அறையின் கதவுப்பிடி சூடாக இருந்தது. உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத குளிர். அப்படியிருந்தும், யாரோ வெகுநேரம் இறுகப் பற்றியிருந்துவிட்டு இப்போதுதான் விட்டதுபோல் இரும்பில் ஒரு வெதுவெதுப்பு, லேசான பிசுபிசுப்பு. சுதா விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

வேறு நாளாயிருந்தால் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள். இன்று மறுதேர்வு. போன முறை அவள் கோட்டைவிட்ட சேதியைத் தோ பாயோவில் அவளுடைய அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் மாடிக்கு மாடி நின்று சொல்லிவிட்டு வந்தது. கம்பெனியில் சர்வர் நிர்வாகி வேலை ஒன்றுதான். மறுதேர்வுக்கு வந்திருப்பதோ இரண்டு பேர். இன்னொருவன் உமைர். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், ‘அக்கா, அக்கா’ என்று குழைந்தபடியே காலை வாரக்கூடியவன் என்பது அவள் கணிப்பு.

டன்லப் ஸ்திரீட்டில் அரிசிக் கடைக்கு மேலே, ஜன்னலில்லாத பயிற்சி அறை; அதன் ஓரத்தில் அந்தச் சர்வர் அறை. மந்தமாகிக் கிடக்கும் சர்வரை வேகமாக ஓடவைக்க வேண்டும், அதுதான் தேர்வு. பயிற்சியாளர் ஜலாலுதீன் கதவருகே நின்று தன் பழைய பாடத்தை ஒப்பித்தார்.

“என்னன்னு தெரியாத சர்வீஸ், ஏதாச்சும் புரோகிராம் ஓடுதா? நிறுத்துங்க. போன் அடிச்சா அது யாருக்கோ வேணும், திரும்பப் போடுங்க. போன் வரலையா, அழிச்சிடுங்க. உமைர், நீ உள்ள நின்னு சர்வர் லைட்டைப் பாரு. சிவப்பு வந்தா உடனே போன் பண்ணு. அப்புறம் உன் முறை.”

சொல்லிவிட்டுத் தே தாரிக் டீ வாங்கக் கீழே டீக்கடைக்கு இறங்கினார். அந்தக் கடைக்காரரின் சம்பந்தி சண்டை முழுவதையும் கேட்காமல் அவர் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

உமைர் சர்வர் அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

சுதா திரையைப் பார்த்தாள். பெயரில்லாத ஒரு சர்வீஸ், இயந்திரத்தின் பலத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தது. அது ஓடத் தொடங்கிய தேதி, இயந்திரத்தை வாங்கிய தேதிக்கும் முந்தியது. உமைர் உள்ளே போன நொடியிலிருந்து அதன் அளவு ஏறியது, கனமான எதையோ தோள்கொடுத்துத் தடுத்து நிற்பவன் மூச்சுவாங்குவதுபோல, விட்டுவிட்டு, மேலே, இன்னும் மேலே. சுவருக்கப்பால் மின்விசிறிகளின் இரைச்சலும் அதற்கு ஈடாக உயர்ந்தது.

சார் ஒளித்துவைத்த கோளாறு இதுதான் என்று அவள் நினைத்தாள்.

மேசைப் போன் அடித்தது.

“அக்கா, உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?”

“ஏன்?”

“பின்னாடி பல்லைக் கடிக்கிற சத்தம் கேக்குது.”

“லைட் சிவப்பா?”

“இல்ல, பச்சைதான். ஆனா அக்கா, கதவு திறக்க மாட்டேங்குது லா.”

“இந்தக் கதையெல்லாம் உன் முறை வரும்போது சொல்லு, தம்பி. சிவப்பு வந்தா மட்டும் கூப்பிடு.”

வைத்துவிட்டாள். தன் நேரத்தைத் தின்னப் பார்க்கிறான். நடிப்புக்குத் தனி வேலை இருந்தால் உடனே கிடைத்துவிடும் அவனுக்கு.

சர்வீஸை நிறுத்தினாள்.

விசிறிகள் அடங்கின. திரையில் எல்லாம் பறந்தது. இப்படியொரு வேகத்தை அவள் பார்த்ததே இல்லை. கை போனருகே காத்திருந்தது. சுவருக்கப்பால் கனமாக ஏதோ விழுந்தது. பிறகு இழுபடும் ஓசை. பிறகு, ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் நீளமாக ஒன்று. நடுவில், பச்சைக் குச்சி முறிவதுபோல் ஒரு சத்தம்.

போன் வரவில்லை.

போன் வரவில்லை என்றால் வேண்டாதது. அழித்தாள்.

வாசனை அப்போதுதான் வந்தது. தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை திறந்ததும் வருமே, அது.

“உமைர்?”

கதவின் அடியில் சிவப்பாக ஒரு கோடு. அகலமானது. அவள் செருப்பைத் தொட்டது. சூடு.

திரைக்குப் பாய்ந்தாள். அது உள்ளே எதையோ தடுத்துப் பிடித்திருந்தது; திரும்பப் போட வேண்டும். தட்டினாள். அப்படியொரு சர்வீஸ் இல்லை. மறுபடி தட்டினாள். இல்லை. விரல் நழுவியது. இல்லை.

போன் அடித்தது.

எடுத்தாள். நிமிர்ந்தாள். கதவின் சின்னக் கண்ணாடியில் உள்ளே தெரிந்தது. சுவரில் தெறித்த ரத்தம். கூரையிலும். போனின் ரிசீவரை ஒரு கை பிடித்திருந்தது. உமைரின் கடிகாரம். கடிகாரத்துக்கு மேலே எதுவும் இல்லை.

“அக்கா,” என்றது அவன் குரல், காதுக்குள், நிதானமாக. “எல்லா லைட்டும் பச்சை. நீங்க பாஸ்.”

கதவுப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.