வெட்டப்பட்ட நெருப்பு

“எங்க பூட்டன காணலிங்க ஐயா,” என்றபடி வந்து நின்றாள் சந்திரகாந்தி.

எப்போதோ செத்தவரைக் காணவில்லை என்று ஒரு முறைப்பாடு. ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் குமாரசிங்கம் அதற்கும் அசரவில்லை, உட்காரச் சொன்னார். அவருடைய மருமகள் தயானி பதுளையில் வக்கீல். வழக்கு என்றால் மாமனாரை முந்திக்கொள்வாள்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் அந்தக்காலத்து வெள்ளைக்காரத் துரை எடுத்த ஊமைப்படத்தைக் கொழும்பில் புதுப்பித்திருந்தார்கள். மூலச்சுருள் உதிர்ந்துபோய், மிஞ்சியது கணினியில் இருந்த ஒரே பிரதி. இன்று மாலை பதுளையில் திரையிடல். மேடையில் படத்துக்குத் தப்பு என்ற பறையை அடிப்பவள் சந்திரகாந்தி. படத்தில், காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் அணிவகுப்புக்கு, ஆள் சேர்க்கத் தப்படிப்பவர் அவளுடைய பூட்டன் சன்னாசி. அவருக்கு வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் முகம் வரும்போது, ‘இவர் எங்கள் பூட்டன்’ என்று சபையில் சொல்ல இருந்தாள். நேற்றைய ஒத்திகைவரை இருந்தவர், இன்று காலை ஒத்திகையில் பார்த்தால் ஆளையே காணோம்.

“வேற என்ன இல்லை, பிள்ளை?”

“மொதல்ல ரெண்டு கை சருகு கொளுத்தும். முகம் தெரியாது. அதுவும் இல்லிங்க. அப்புறம் மலை, பங்களா, பெரிய கங்காணி ஒரு பொம்பளய பிரம்பால அடிக்கிறது எல்லாம் அப்படியே இருக்கு. அதுக்குப் பெறகுதான் பூட்டன் வருவாரு.”

“மாமா, இது ஜெயராசான்ர வேலைதான்,” என்றாள் தயானி. பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் ஜெயராசா அந்தக் கங்காணியின் வாரிசு. விழாச் செலவும் அவருடையது.

“தன்ர ஆள் பொம்பிளைக்கு அடிக்கிறதை விட்டிட்டோ வெட்டுவார்?” என்றார் குமாரசிங்கம்.

படம் இருந்த கணினியைத் தொட்டவர்கள் மூவர்: ஜெயராசா, படம் ஓட்டும் றிஸாத், சந்திரகாந்தியின் தம்பி பிரதீஷ். பிரதீஷ் வங்கி அதிகாரி. குமாரசிங்கம் மண்டபத்துக்குப் போய் மூவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வி கேட்டார். “படத்தில ரெண்டு கை சருகு கொளுத்துதாம். எதுக்கு?”

“குளிர் காயத்தான். மடுல்சீமைக் குளிர் லேசுப்பட்டதா?” என்றார் ஜெயராசா.

“தேத்தண்ணி வைக்க சேர்,” என்றான் றிஸாத்.

“தப்பு காய்ச்சத்தான். சூடு காட்டலன்னா தோல் தொங்கிரும்,” என்ற பிரதீஷ், சொன்ன பிறகுதான் வாயை மூடினான்.

குமாரசிங்கம் எல்லோரையும் கூப்பிட்டார். “நெருப்பும் தப்பும் படத்தில தள்ளித்தள்ளி இருக்கு. நடுவில இருந்ததை விட்டிட்டு அது ரெண்டையும் எடுத்தவருக்கு, அது ரெண்டும் ஒண்டுதான் எண்டு தெரியும். நெருப்பை விட்டிருந்தா, தோட்டத்து ஆக்கள் தப்பு எங்க எண்டு கேட்டிருப்பினம். அது தெரிஞ்சவர் உங்களில ஒராள்தான்.”

பிரதீஷ் அக்காவைப் பார்க்கவில்லை. “இன்னக்கி பொண்ணு வீட்டுக்காரங்க வாறாங்கக்கா.”

“நானும்தானேடா தப்படிக்கிறேன்?”

“நீ அடிச்சா கலை. அவரு அடிச்சா சாதி.”

“அந்தத் துண்ட குடு.”

“அழிச்சிட்டேன்.”

சந்திரகாந்தி அழவில்லை. அந்த இடத்தில் திரையை இருட்டாக விடும்படி றிஸாத்திடம் மட்டும் சொன்னாள்.

மாலையில் மண்டப வாசலில் சருகு கொளுத்தித் தப்பைக் காய்ச்சினாள். திரை இருண்டபோது மைக்கை எடுத்தாள். முன்வரிசையில் தம்பியையும் புதுச் சம்பந்திகளையும் பார்த்தாள். அவன் கலியாணத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. மைக்கை வைத்துவிட்டு, வெறும் இருட்டைப் பார்த்துப் பெரட்டுத் தப்பை அடித்தாள். சபை எழுந்து கைதட்டியது.

“அருமையா அடிக்கிறாங்களே. அக்கா யாருகிட்ட பழகினாங்க?” என்று பெண்ணின் தகப்பன் கேட்டார்.

“கம்பஸ்ல படிச்சதுங்க,” என்றான் பிரதீஷ்.

அவர்களுக்கு நேர் பின்வரிசையில் தயானி மாமனாரின் பக்கம் சாய்ந்தாள். “திரும்பவும் வெட்டிட்டான், மாமா.”