உதட்டுப் பேச்சு

"ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் தையல்நாயகிக்கு உறைத்தது, கேள்வி தன்னிடம் கேட்கப்படவில்லை. எதிரே சோறு பிசைந்துகொண்டிருந்த புருஷன் பாவாடை, அவள் தோளைத் தாண்டி, யாருமில்லாத வாசலைப் பார்த்துத்தான் "சாப்பிட்டியா" என்று உதடு அசைத்திருந்தார்.

மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது. குரலில்லாமல் உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். பிள்ளைகள் தூங்குகிற வீட்டிலும் அதே பழக்கம், அவளும் அவர் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். அவருக்கு ஓயாத நைட் ஷிப்ட், அவளுக்குப் பிள்ளைகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரம் ஏது? இப்போது மகன் நெய்வேலியில், மகள் ஜெயம் விருத்தாசலத்தில். ரெட்டியார்பாளையத்து ஓட்டு வீட்டில் ரிட்டையரான மனுஷனும் அவளும் மட்டும். இந்த வயசில் புதுப்பெண் மாதிரி கூச்சம் வேறு, வெட்கக்கேடு.

இரண்டு மாதமாக அவர் உதடு "உட்காரு" என்றால் உட்கார்ந்தாள், "இங்க வா" என்றால் போய் நின்றாள். போய் நின்றதும் அவர் முகம் சுளித்ததை வயசுக் கோளாறு என்று விட்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் சோறு போட்டுவிட்டு, பார்க்காதது போல உதட்டையே பார்த்தாள். வெயிலில் ஓடு சொடுக்கிற சத்தம், விழுப்புரம் ரோட்டு பஸ்களின் இரைச்சல், கருவாட்டுக் குழம்பின் வாசனை, அதற்கும் அடியில் யாரோ தலை துவட்டாமல் பக்கத்தில் வந்து நிற்பது போல ஓர் ஈர வாசனை.

உதடு அசைந்தது.

"அவ தூங்கட்டும். அப்புறம் வந்து படு."

பாயில் தன் பக்கத்து இடம் விடியும்போதெல்லாம் நனைந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்த வீட்டில் இன்னொரு ராத்திரி முடியாது.

"ஜெயம் கடுதாசி போட்டிருக்கா. கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

"எப்ப?" இப்போது குரலோடு கேட்டார்.

"இப்பவே. நாலு மணி பஸ்ஸுக்கு."

"நீ போயிட்டா நாங்க இன்னா பண்றது, தையலு?"

நாங்க.

பையை எடுத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலே பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

"கதவச் சாத்து."

வாசல் வெயில் அவர் முகத்தில் விழுந்திருந்தது. அது குறுகியது. கோடானது. இல்லாமல் போனது.

அவள் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

பாவாடையின் இரண்டு கைகளும் தட்டின் மேல்தான் இருந்தன.